கரன்ட் போனால் கணக்கும் போகுமா?

கேள்வி: பல்கலைக்கழக சர்வரில் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகக் கணக்கீடு ஓட விடுகிறேன். வீட்டில் கரன்ட் போய் மோடம் அணைந்தால் எட்டு மணி நேர ஓட்டமும் பாழ். கரன்ட் போனது பேட்டையில்தானே, சர்வரில் இல்லையே? (ஆராய்ச்சி மாணவர், பேட்டை)

பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, தம்பி. நீங்கள் நுழைந்ததும் சர்வரில் உங்களுக்கென, கட்டளை தட்டும் ஒரு முனையம் திறக்கிறது. உங்கள் நிரல் அதன் பிள்ளை. இணைப்பு அறுந்தது தெரிந்ததும் சர்வர் முனையத்தை மூடி, நிரலுக்கு 'ஹேங்கப்' என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. தொலைபேசி மோடம் காலத்துப் பெயர். ரிசீவரை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பெரும்பாலான நிரல்கள் அதோடு நின்றுவிடும்.

மருந்து, டிமக்ஸ். இணைப்பு அறுந்தாலும் முனையத்தைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் நிரல் அது. நுழைந்தவுடன் அந்தக் கட்டளையைக் கொடுங்கள். திரையின் அடியில் பச்சைப் பட்டை தெரியும். கணக்கீட்டை அதற்குள் தொடங்கி, கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தி விட்டு, டி தட்டினால் வெளியே வந்துவிடலாம். ஓட்டம் உள்ளே தொடரும். மறுநாள் 'டிமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடம் அப்படியே திரும்பும். ஐப்பசி மழையில் ஓர் இரவின் உழைப்பைத் தொலைத்த பிறகுதான் நானும் இதைக் கற்றேன். ஒன்று: சர்வரில் எல்லோருடைய வேலைகளையும் வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் போன்ற முறை இருந்தால் வேலையை அதில்தான் போட வேண்டும். எல்லோரும் நுழையும் கணினியில் பாரத்தை ஏற்றினால் நிர்வாகியே நிறுத்திவிடுவார்.

கேள்வி: கடையின் பில்லிங் கணினியைச் சென்னையிலிருந்து பார்க்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பை அனுமதிக்கும் வசதியே காணவில்லை. ரூட்டரில் 3389 போர்ட்டைத் திறக்கச் சொல்கிறார் தெரிந்தவர். (அரிசி மண்டிக்காரர், அம்பாசமுத்திரம்)

உங்களுடையது விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருக்கும். அதிலிருந்து வேறு கணினிக்குப் போகலாம், அதற்குள் வர முடியாது. அதற்குப் புரோ வேண்டும். போர்ட்டை மட்டும் திறக்காதீர்கள், அண்ணாச்சி. 3389 உலகமே அறிந்த கதவு எண். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்களுக்கு இது பழகிய வாசல். குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஹோம் பதிப்பிலும் இயங்கும், போர்ட் திறக்கத் தேவையில்லை, இலவசம். கணினி தூங்கிப்போகாதபடி அமைத்துவிடுங்கள். கரன்ட் திரும்பியதும் தானே இயங்கும் வசதி பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் கணினியின் அமைப்புப் பக்கம்) பெரும்பாலும் இருக்கும்; அதைப் போடாவிட்டால் கல்லாப்பெட்டிப் பையனுக்குப் போன் செய்து பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டியதுதான்.

கேள்வி: மறுமுனையின் அடையாளம் மாறிவிட்டதாக எஸ்எஸ்எச் எச்சரிக்கிறது. சேமித்த பழைய வரியை அழித்தால் வேலை நடக்கிறது. அழிக்கலாமா? (வள்ளியூர்)

நிர்வாகியைக் கேட்ட பிறகு அழிக்கலாம். சர்வரைப் புதிதாக நிறுவியிருந்தால் அதன் அடையாளச் சாவி மாறும். இல்லையென்றால் உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் யாரோ ஒட்டுக்கேட்க உட்கார்ந்திருக்கக்கூடும். பின்லாந்தில் தன் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடுபோனதால்தான் டாட்டு இலோனன் 1995-இல் எஸ்எஸ்எச்சை எழுதினார்.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு செயலியை நிறுவச் சொன்னார்கள். அதில் வரும் எண்ணைக் கேட்கிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை)

சொல்லாதீர்கள், அம்மா. அந்த எண்ணைச் சொல்லி அனுமதியும் கொடுத்தால் உங்கள் திரை அவர்கள் கைக்குப் போய்விடும். ஏற்கெனவே சொல்லியிருந்தால் இணையத்தைத் துண்டியுங்கள், செயலியை நீக்குங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். செயலி நல்லதுதான். கல்லிடைக்குறிச்சி அக்கா வீட்டுப் பிரின்டரை அதைக் கொண்டுதான் நான் சரிசெய்கிறேன். ஆனால் அங்கே போன் செய்து கூப்பிடுவது அக்கா.