முதலில் தோடம்பழ (ஆரஞ்சு) நிறத்தில் ஒரு மேலங்கி வாங்குங்கள்

தங்கச்சி, பிரான்சின் தென்மேற்கே டோர்டோன் பகுதியில், லெஸ் எய்ஸி என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, கணவர் வேலைக்குப் போனபின் வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றுவட்டாரத்தில் பழைய இடங்கள் என்னென்ன பார்க்கலாம், நடந்து போக எது நல்லது, டிக்கெட் எவ்வளவு, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட் விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த இடத்தின் இணையப் பக்கத்தில் பாருங்கள். சாப்பாட்டைப் புட்டோ சோறோ வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். எனக்குச் சொல்ல இருப்பது நடப்பதைப் பற்றித்தான். செப்டம்பர் பிறந்துவிட்டது, வேட்டைக் காலம் தொடங்கப் போகிறது. உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதறியது.

நான் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது 2002 ஆகஸ்டில். கணவருக்குச் சார்லா நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மத்தியான வேலைக்குப் போனபின், வீட்டுக்குப் பின்னால் இருந்த செஸ்ட்நட் காட்டுக்குள் தனியாக நடக்கப் போனேன். போட்டிருந்தது யாரோ தந்த மண்ணிறக் கோட்டு. கால்மணி நேரம் நடந்திருப்பேன், வெடிச்சத்தம். ஒன்று, பிறகு அடுத்தடுத்து இரண்டு. நான் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்காரி. 2000ஆம் ஆண்டில் ஷெல் விழுந்த நாள்களில் எப்படிப் படுத்தோமோ அப்படியே படுத்துவிட்டேன். நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையை ஊன்றி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. செஸ்ட்நட் முள்ளுக்கூடு ஒன்று கன்னத்தில் குத்திக்கொண்டிருந்தது, அதை எடுக்கக்கூடக் கை வரவில்லை. கழுத்தில் மணி கட்டிய நாய் ஒன்று வந்து என்னை முகர்ந்து பார்த்தது. அதன் பின்னால் வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு ஐயா. என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். துப்பாக்கியை மடித்து, தோட்டாக்களை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எனக்கு அப்போது 'பொன்ஜூர்', 'மெர்சி' தவிர ஒன்றும் தெரியாது. ஒன்றும் பேசாமல் வீடு வரை கூடவே நடந்து வந்தார். மறுநாள் காலையில் தோடம்பழ நிற மேலங்கி ஒன்றும், மஞ்சள் பென்சிலால் கோடு போட்ட ஒரு வரைபடமும் கொண்டுவந்து கதவில் தட்டினார்.

அதனால்தான் சொல்கிறேன். செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி முடியும் வரை, அந்த மேலங்கி இல்லாமல் காட்டுப்பாதையில் கால் வைக்காதீர்கள். எந்தெந்த நாளில் எங்கே வேட்டை என்று ஊரின் 'மேரி'யில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், கேட்டால் சொல்வார்கள். பாதை தொடங்கும் இடத்தில் 'ஷாஸ் ஆன் கூர்' என்று எழுதிய பலகை நின்றால் வேட்டை நடக்கிறது என்று பொருள். பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். காட்டுப்பன்றியையும் மானையும் பலபேர் சேர்ந்து வளைத்துத் துரத்துவார்கள், குண்டு வெகுதூரம் போகும். அதற்காக வேட்டைக்காரர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். கை காட்டி, உரத்துப் 'பொன்ஜூர்' சொல்லுங்கள். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிவதுதான் முக்கியம்.

பாதை அடையாளங்களையும் பழகிக்கொள்ளுங்கள். மரத்திலோ கல்லிலோ மஞ்சள் கோடு இருந்தால் அது ஊரைச் சுற்றி வரும் குறும்பாதை. மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் பல நாள் நடக்கும் நெடும்பாதை. பெருக்கல் குறி போல எக்ஸ் போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. இது தெரியாமல் நடந்தவர்கள் இருட்டுகிற நேரத்தில் யாருடைய பண்ணைக்குள்ளோ போய் நாயிடம் அகப்பட்டிருக்கிறார்கள். இப்போது பாரிசிலிருந்து வருகிற சொந்தக்காரரை நான்தான் முன்னால் நடந்து கூட்டிப்போகிறேன், வரைபடம் இல்லாமல். அது எனக்குப் பெருமைதான்.

அப்புறம் காளான். மழைக்குப் பிறகு 'செப்' காளான் முளைக்கும், ஊரே கூடையோடு போகும். உங்களுக்கும் ஆசை வரும். ஆனால் இங்கே காடு என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சொந்தக் காணி. கேட்காமல் பிடுங்கினால் அது களவு. பாதையோரம் விழுந்து கிடக்கும் வால்நட்டும் அப்படித்தான், தோட்டக்காரருக்கு அதுதான் ஆண்டு வருமானம். யாராவது சம்மதித்து நீங்கள் காளான் எடுத்தாலும், சமைக்குமுன் ஃபார்மசியில் காட்டுங்கள். காளான் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். பச்சை கலந்த தொப்பியோடு வடிவாக நிற்கிற ஒன்று இருக்கிறது, 'அமனித் ஃபலோயித்' என்று பெயர், ஈரலை அழித்துவிடும். புல்லுக்குள் நடந்து வந்தால் இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். எடுக்கிற சின்னக் கொக்கி ஃபார்மசியில் கிடைக்கும். கடித்த இடத்தில் சிவப்பு வளையம் விரிந்தால் டாக்டரிடம் போகத் தாமதிக்காதீர்கள்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருக்கிற எங்கள் ஆட்களிடம் இதையெல்லாம் கேட்டால், 'அந்தக் காட்டுக்குள் என்ன இருக்கு, பாரிசுக்கு வந்துவிடு' என்பார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். ஆண்டுக்கொரு தடவை லூர்து மாதா, பிள்ளைகளுக்கு டிஸ்னிலேண்ட். இருபது, முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு வேறொன்றையும் பார்க்காதவர்களை எனக்கு நிறையத் தெரியும். நாள் முழுக்க வேலை, களைப்பு, எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் பார்க்காத இடத்தை ஒன்றுமில்லாத இடம் என்று சொல்வதை என்னால் பொறுக்க முடிவதில்லை. லெஸ் எய்ஸி ரயில் நிலையம் இருக்கிறதே, அதற்குக் கிட்டத்தான் 1868இல் ரயில் பாதை வேலைக்கு மண் வெட்டியபோது பனியுகத்தில் வாழ்ந்த குரோ-மாக்னோன் மனிதரின் எலும்புகள் கிடைத்தன. உலகமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெயர், நீங்கள் பாண் வாங்கப் போகிற வழியில் இருக்கிறது. வெஸேர் ஆற்றோரக் குகைகளையும் குடியிருப்புகளையும் 1979இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தார்கள்.

பழங்கால ஓவியங்கள் இருக்கிற லாஸ்கோ குகையைக் கேட்டிருந்தீர்கள். 1940 செப்டம்பரில் ஊர்ப் பையன்கள் நாலு பேர் கண்டுபிடித்தது. அசல் குகைக்குள் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பார்க்க வந்த சனத்தின் மூச்சாலும் வெளிச்சத்தாலும் சுவரில் பாசி பிடிக்கத் தொடங்கி, 1963இல் மூடினது மூடினதுதான். மொந்தினியாக்கில் 2016இல் திறந்த முழுப் பிரதியைத்தான் இப்போது காட்டுகிறார்கள். நன்றாகவே இருக்கிறது, போங்கள். ஆனால் அசல் ஓவியம் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் வாசலிலேயே ஃபோன்-து-கோம் குகை இருக்கிறது. பல நிறத்தில் தீட்டிய காட்டெருமைகள். மூச்சுப் பட்டுக் கெட்டுவிடும் என்று ஒரு நாளைக்கு மிகச் சிலரைத்தான் உள்ளே விடுகிறார்கள், முன்கூட்டியே இடம் பிடியுங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் குகைக்குள் 13 பாகை அளவில்தான் இருக்கும், பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை மறக்காதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு லெஸ் எய்ஸி தேசிய அருங்காட்சியகம் இலவசம்.

எங்கே போனாலும் நேரத்தைப் பாருங்கள். 12 மணிக்கு மூடினால் 2 மணிக்குத்தான் திறப்பார்கள், சின்ன இடங்களில் இன்றும் அப்படித்தான். குளிர்காலத்தில் பல கோட்டைகள் திறப்பதே இல்லை. ஒரு ஜனவரியில், திறந்திருக்கும் என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி, மூத்தவனைத் தள்ளுவண்டியில் வைத்து ஏழு கிலோமீட்டர் நடந்து ஒரு சின்னக் கோட்டைக்குப் போனேன். கதவில் பூட்டு, மார்ச்சில் வாருங்கள் என்று ஒரு தாள். ஞாயிறு, பஸ் இல்லை, திரும்பவும் ஏழு கிலோமீட்டர். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அடுத்த வாரமே கார் ஓடப் பழகப் பணம் கட்டினேன். நீங்களும் பழகுங்கள். ரயில் உண்டு, ஆனால் ஒரு நாளைக்குச் சிலதுதான். செப்டம்பர் மூன்றாவது சனி, ஞாயிறு மரபு நாள்கள் வருகின்றன. வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் தேவாலயங்களும் அன்று திறக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

டோர்டோன் ஆற்றங்கரையில் காஸ்தெல்நோவும் பேனாக்கும் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்கும் கோட்டைகள். நூறாண்டுப் போரில் ஒன்று ஆங்கிலேயர் பக்கம், மற்றது பிரெஞ்சு மன்னர் பக்கம். கரையில் நின்று பார்ப்பதை விட, விட்ராக்கில் தோணி எடுத்து, லா ரோக்-கஜாக்கைத் தாண்டி மிதந்து வந்து, தண்ணீரிலிருந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஆனால் நீச்சல் தெரியாமல் ஏறாதீர்கள். ஆறு அமைதியாகத்தான் தெரியும், அடியில் இழுக்கும், கரையில் காவலும் இருக்காது. எங்கள் ஆட்கள் கூட்டமாக வந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, உடுத்த துணியோடு இறங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமாக வரும். நான் 34 வயதில் ஊர் நீச்சல் குளத்தில், சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பழகினேன்.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் கீழே மிலாந்த் மாளிகை. அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பாடகி ஜோசஃபின் பேக்கர் 1947இல் வாங்கிய வீடு, பன்னிரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்த வீடு. கடனில் மூழ்கிய அவரை 1969இல் வெளியேற்றினார்கள். சமையலறைப் படியில் போர்வையோடு அவர் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது. வீடு விட்டு வந்த எவருக்கும் அந்தப் படத்தை விட்டு நகரக் கால் வராது. 2021இல் அவருக்குப் பாரிசில், நாட்டின் பெரியவர்களுக்கான நினைவிடமான பாந்தெயோனில் இடம் கொடுத்து மரியாதை செய்தபோது நான் தொலைக்காட்சி முன்னால் அழுதேன்.

கடைசியாக ரூஃபினியாக் குகை. குளிர்காலத்தில் மூடியிருக்கும், அதனால் இப்போதே போங்கள். நான் காட்டில் படுத்துக் கிடந்ததற்கு அடுத்த வசந்தத்தில், பக்கத்து வீட்டு ஐயாதான் எங்களைத் தன் காரில் கூட்டிப்போனார். குகைக்குள் சின்ன மின்சார ரயில் போகும். போகிற வழியில் பழங்காலக் கரடிகள் படுத்துறங்கத் தோண்டிய குழிகள். உள்ளே, வெகு உள்ளே, விளக்கைத் திருப்பினார்கள். கூரை முழுக்க மம்மத் என்ற பழங்கால முடியடர்ந்த யானை, குதிரை, காட்டாடு, காண்டாமிருகம். இப்போது நாம் நிற்கிற தரை பிற்காலத்தில் வெட்டித் தாழ்த்தியது. வரைந்தவர்கள் காலத்தில் கூரைக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவுதான். மல்லாந்து படுத்துக்கொண்டுதான் அத்தனையையும் கீறியிருக்கிறார்கள். அதை எனக்கு விளங்கவைக்க ஐயா தன் கையைத் தலைக்கு மேல் தாழ்வாகப் பிடித்துக் காட்டினார். பிறகு ஒவ்வொரு மம்மத்தாக விரல் நீட்டி, ஆன், து, த்ருவா என்றார். நானும் கூடவே சொன்னேன். பிரெஞ்சில் பத்து வரை எண்ணப் பழகியது அங்கேதான்.