எடி ஜோன்ஸும் பெரிய அணிகளும்: கேள்வி பதில்

ஜப்பான் ரக்பி அணியின் பயிற்சியாளர் எடி ஜோன்ஸ், தன் அணியைவிடப் பலமான அணிகளை எப்படி எதிர்கொண்டார் என்று பலர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த வரையில் பதில்கள் இதோ.

கேள்வி: ரக்பி எனக்குப் புதிது. 2015 உலகக் கோப்பையில் ஜப்பான் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்றதை இன்னும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

பதில்: ரக்பியில் சின்ன அணி குருட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயிப்பது ரொம்ப அரிது. எண்பது நிமிடம் உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம். பலம் உள்ளவன் கடைசி இருபது நிமிடத்தில் நசுக்கிவிடுவான். தென்னாப்பிரிக்கா அப்போதே இரண்டு முறை உலகச் சாம்பியன். ஜப்பான் அதுவரை உலகக் கோப்பையில் வென்றது ஒரே ஆட்டம், 1991இல் ஜிம்பாப்வேக்கு எதிராக. 1995இல் நியூசிலாந்திடம் 145-17 என்று உதை வாங்கிய அணி அது.

கேள்வி: வேகத்தால்தான் ஜெயித்தார்கள் என்கிறார்களே, சரியா அண்ணா?

பதில்: பாதி சரி. பந்து கையில் இருந்தால்தானே வேகம்? ஜோன்ஸ் முதலில் கைவைத்தது ஸ்க்ரமிலும் லைன்-அவுட்டிலும். ஸ்க்ரம் என்றால் இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து கோத்துக்கொண்டு பந்துக்காகத் தள்ளுவது. லைன்-அவுட் என்றால் பந்து வெளியே போன பிறகு கோட்டருகிலிருந்து உள்ளே வீசும் பந்தைத் தாவிப் பிடிப்பது. ஸ்க்ரமுக்கு பிரான்ஸின் முன்னாள் ஹூக்கர் (ஸ்க்ரமின் முன்வரிசையில் நடுவில் நிற்பவர்) மார்க் டால் மாசோவையும், லைன்-அவுட்டுக்கு இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் ஸ்டீவ் போர்த்விக்கையும் பயிற்சிக்கு வைத்தார். எடை குறைந்த முன்வரிசை ஜெயிக்க வேண்டுமானால் எதிராளியைவிடத் தாழ்வாக இறங்க வேண்டும், எட்டுப் பேரும் ஒரே நொடியில் தள்ள வேண்டும். அதைத்தான் மாதக்கணக்கில் பழகினார்கள். டாக்கிளும் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது) அப்படியே: நெஞ்சைப் பிடிக்காமல் காலைப் பிடித்து வீழ்த்து, உடனே எழுந்திரு. 68ஆவது நிமிடத்தில் ஜப்பானின் கோரோமாரு போட்ட ட்ரையை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) மறுபடி பாருங்கள். லைன்-அவுட்டில் சுத்தமாகப் பந்தை எடுத்து, முன்பே ஒத்திகை பார்த்த பாஸ்களில் அடித்தது. அன்று கோரோமாரு ஒருவரே 24 புள்ளி.

கேள்வி: கடைசி நிமிடத்தில் பெனால்டியை உதைத்து டிரா செய்யாமல் ஸ்க்ரம் கேட்டது ஜோன்ஸின் துணிச்சல்தானே?

பதில்: இல்லை! அவர் பெனால்டியை உதைத்து மூன்று புள்ளியை எடுக்கச் சொன்னார். வீரர்கள் கேட்கவில்லை என்றதும் கோபத்தில் வாக்கி-டாக்கியையே உடைத்தார். முடிவு கேப்டன் மைக்கேல் லீச்சுடையது. ஆனால் அது வெறும் வீராப்பும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ப்ராப் (ஸ்க்ரமின் முன்வரிசையில் ஓரத்தில் நிற்பவர்) கோனி ஊஸ்துய்சன் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே இருந்தார், எதிரே பதினைந்துக்குப் பதில் 14 பேர்தான். அப்புறம் பந்து வலப்பக்கம் போய், இடப்பக்கம் திரும்பி, மாஃபி கொடுக்க, ஹெஸ்கத் மூலையில் விழுந்து ட்ரை போட்டார். பயிற்சியாளரின் பேச்சை மீறும் அளவுக்கு நம்பிக்கையை அவர்களுக்குள் வளர்த்தது யார் என்று கேட்டால், அதற்கும் அவர் பேரைத்தான் சொல்வேன்.

கேள்வி: பயிற்சி ரொம்பக் கொடுமையாமே?

பதில்: ஆமாம். காலை ஐந்து மணிக்கே ஆரம்பம், ஒரே நாளில் மூன்று நான்கு முறை. எல்லா அணியும் இதைத் தாங்காது.

கேள்வி: அப்படிப்பட்ட அணி நான்கே நாளில் ஸ்காட்லாந்திடம் 45-10 என்று தோற்றது எப்படி?

பதில்: கேள்வியிலேயே பதில் இருக்கிறது, அந்த நான்கு நாள்தான். ஸ்காட்லாந்துக்கு அது முதல் ஆட்டம். இடைவேளையில் 12-7 என்றுதான் இருந்தது, பிறகு ஜப்பானின் கால்கள் ஓய்ந்துவிட்டன. அதன்பின் சமோவாவையும் அமெரிக்காவையும் வென்றும் காலிறுதி கிடைக்கவில்லை. பிரிவில் மூன்று வெற்றி பெற்றும் வெளியேறிய முதல் அணி.

கேள்வி: சார், இங்கிலாந்துக்கு அவர் பயிற்சியாளராக இருந்தபோது 2019இல் நியூசிலாந்தை வென்ற ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: அரையிறுதி, யோகோஹாமா, 19-7. கர்ரி, அண்டர்ஹில் என்று பந்தைப் பறிக்கும் இரண்டு ஃப்ளாங்கர்களைச் சேர்த்து இறக்கினார். இரண்டாவது நிமிடம் முடிவதற்குள் துய்லாகி ட்ரை போட்டுவிட்டார். லைன்-அவுட்டை இங்கிலாந்து ஆண்டது. ஒரு வாரம் கழித்து இறுதி ஆட்டத்தில் கதை தலைகீழ். ப்ராப் கைல் சின்க்ளர் மூன்றாவது நிமிடத்திலேயே அடிபட்டு வெளியேற, ஸ்க்ரம் நொறுங்கியது. பெனால்டி மேல் பெனால்டி. தென்னாப்பிரிக்காவின் பொல்லார்ட் மூன்று மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார், 32-12. ஜோன்ஸின் பெரிய வெற்றி, பெரிய தோல்வி எதை எடுத்தாலும் முதலில் ஸ்க்ரமையும் லைன்-அவுட்டையும் பார்ப்பது என் வழக்கம்.

கேள்வி: 2024இல் ஜப்பானுக்குத் திரும்பிய பிறகு?

பதில்: பலமான அணிகளிடம் படுமோசம். 2024இல் நியூசிலாந்திடம் 64-19, இங்கிலாந்திடம் 59-14. 2025இல் தென்னாப்பிரிக்காவிடம் 61-7. அதே 2025 ஜூலையில் வேல்ஸை 24-19 என்று வென்றது ஆறுதல். ஆனால் அந்த வேல்ஸ் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணி. இதற்கு முன் 2023இல் ஆஸ்திரேலியாவை நடத்தியபோது உலகக் கோப்பையில் பிரிவுச் சுற்றோடு வெளியேறினார், அந்த நாட்டுக்கே அது முதல் தடவை. அவருடைய ‘அதிவேக ரக்பி’ என்ற கோஷம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இளம் அணிக்கு அதைவிட முதலில் தேவை ஸ்க்ரமில் நிற்கும் கால்.

கேள்வி: ஜோன்ஸ் தென்னாப்பிரிக்க அணியிலும் வேலை பார்த்தாராமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 2007இல் அவர்கள் கோப்பையை வென்றபோது பயிற்சியாளர் ஜேக் ஒயிட்டுக்கு ஆலோசகர். அந்த அணியில் இருந்த விக்டர் மேட்ஃபீல்டும் ஷால்க் பர்கரும் 2015இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த அந்த 34-32 ஆட்டத்தில் ஜப்பானுக்கு எதிராகவும் ஆடினார்கள்.