திரில்லர் குறும்படத்தில் சந்தேகம் யார் மேல் விழுகிறது? மாணவர்களுக்கான கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் எடுக்கும் ஐந்து நிமிடத் திரில்லர்களில் எந்தச் சமூகத்தாரை எப்படிக் காட்டுவது என்பது பற்றி மட்டும் கேளுங்கள். கேமரா விலை வேண்டாம்.

அரூர்: சார், சந்தனக்கட்டை கடத்தல் கதை. வில்லன் சித்தேரி மலைக்காரர். மலையாளம் பேசுற நடிகர் கிடைக்கல. தமிழ்லயே பேச வைக்கலாமா?

அவர்கள் பேசுவதே தமிழ்தான். அந்த மலைப் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர், மலையில் இருப்பவர் என்ற பொருளில். கேரளத்தை இழுக்காதீர்கள்.

மற்றபடி, இந்தக் கதையை அரூரில் திரையிட்டால் பார்ப்பவர்களுக்கு வாச்சாத்தி ஞாபகம் வரும். 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். அங்கே நடந்த கொடுமைகளுக்காக, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023-ல் உயர் நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது.

வழக்கமான திரில்லரில் ஜீப் வெளிச்சம் தெரிந்தால் அப்பாடா என்று இருக்கும். இங்கே அந்த வெளிச்சம்தான் பயம். ஜீப்பைக் காட்டவே வேண்டாம். மண்சுவரில் நகரும் வெளிச்சம், குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று அடங்குவது, அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைக்கும் கை. மூன்று ஷாட், 12 வினாடி போதும். இசை வேண்டாம்.

காரிமங்கலம்: எந்த கேமரா சார் நல்லது?

முதல் பத்தியைப் படியுங்கள்.

காவேரிப்பட்டணம்: மாந்தோப்புக்குக் காய் பறிக்க வந்த வடமாநிலப் பையன் மேல சந்தேகம். கடைசில அவன் நிரபராதி. இது போதும்ல?

போதாது. நாலரை நிமிடம் பூசிய கறையை அரை நிமிடத்தில் கழுவ முடியாது. வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் போலி வீடியோக்கள் பரவி எத்தனை பேர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள் என்று தெரியும்தானே? சந்தேகம் யாருடையது என்பதைத் தெளிவாக வையுங்கள். தோப்புக் காவலாளியின் முகம் 2 வினாடி. அவர் கண் உயரத்திலேயே கேமராவை வைத்து, அவர் பார்ப்பது 2 வினாடி. திரும்பவும் அவர் முகம். இப்போது சந்தேகப்படுவது காவலாளி. இதை விட்டுவிட்டு, பார்க்கிற ஆளே இல்லாமல் பையனைக் கீழிருந்து எடுத்து, தாடைக்கடியில் டார்ச் அடித்து, உறுமல் இசையும் போட்டால் சந்தேகப்படுவது உங்கள் படம்.

தடயத்தையும் வேலையிலிருந்தே எடுங்கள். காம்பை ஒடிக்கும்போது பீய்ச்சும் மாங்காய்ப் பால் தோலில் பட்டால் பொத்துப்போய்க் கருந்தழும்பாகும். மணிக்கட்டின் உள்பக்கம் சிதறல் சிதறலாக, பழுப்பும் கறுப்பும் கலந்து மேக்கப் போடுங்கள். சிவப்பு போட்டால் கெட்டது. விசாரிக்கும் அதிகாரி அதை நகக்கீறல் என்பார். காவேரிப்பட்டணத்துப் பார்வையாளருக்கு என்னவென்று முதல் பார்வையிலேயே தெரியும். அந்த இடைவெளிதான் உங்கள் திரில்.

பர்கூர்: இப்படிப் பார்த்தா யாரையுமே வில்லனா வைக்க முடியாது சார். திரில்லரே எடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க.

யாரை வேண்டுமானாலும் வையுங்கள். அதே சமூகத்தைச் சேர்ந்த இன்னொருவர் படத்தில் வேறு வேலையோடு, வேறு குணத்தோடு இருக்கிறாரா? இருந்தால் வில்லன் தனி மனிதன். இல்லாவிட்டால் அவன் அந்தச் சமூகத்துக்கே பிரதிநிதி ஆகிவிடுவான்.

பர்கூர்: அஞ்சு நிமிஷத்துல இன்னொரு ஆளுக்கு எங்க சார் இடம்?

புது ஆள் வேண்டாம். இருக்கிற டாக்டரோ வாத்தியாரோ அந்தச் சமூகமாக இருக்கட்டும். பெயரை ஒருமுறை கூப்பிட்டால் தெரிந்துவிடும். ஒரு வினாடி.

போச்சம்பள்ளி: குறுக்கே வர்றேன். எங்க வில்லனுக்கு ஊரும் இல்ல, சாதியும் இல்ல. பிரச்சினை முடிஞ்சுது.

சட்டை, கயிறு, சுவரில் மாட்டிய படம், வீடு இருக்கும் தெரு எல்லாம் பேசும் தம்பி. நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் உங்கள் பழக்கம் தேர்ந்தெடுக்கும். உங்கள் வில்லன் கறுப்பு, லுங்கி. ஹீரோ வெளுப்பு, ஜீன்ஸ். சரியா?

போச்சம்பள்ளி: ...லுங்கி இல்ல சார். கைலி.

பர்கூர்: 😂 சரி, டாக்டரை மாத்திடறேன்.

தேன்கனிக்கோட்டை: இருளர் கேரக்டர், பாம்பு பிடிக்கிறவர். நிஜப் பாம்பு ஓகேவா?

இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இருளர் என்றதும் பாம்புதானா? 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இயங்குவது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில். உங்கள் மலையில் அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பென்னாகரம்: ஒகேனக்கல் பரிசல்காரரை ஊமையா, மர்மமா காட்டலாமா?

பார்த்துப் பார்த்துச் சலித்தது. எங்கே சுழல், எந்த இடத்தில் விழுந்த பொருள் எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வழக்கை உடைக்கும் ஒரே வசனத்தை அவர் வாயில் வையுங்கள்.

தருமபுரி: ஹாஸ்டல் பொண்ணு முதல் நிமிஷத்துல செத்துடறா. ஓகேவா?

சாவதற்கு முன் அவள் ஒரு முடிவெடுக்கட்டும், அதன் விளைவில் கதை ஓடட்டும். இல்லாவிட்டால் அவள் வெறும் பிணம்.

ஊத்தங்கரை: செகண்ட் ஹேண்ட் கேமரா...

அடுத்தது.

கிருஷ்ணகிரி: சார், முதல் கட் ரெடி. நீங்க சொன்ன மாதிரியே காவலாளி பார்வையிலதான் சந்தேகம். பின்னணி இசையும் போட்டாச்சு. பாக்கறீங்களா?

இசையை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.