வீட்டுக்கு பூல் டேபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

மாடி அறை பதினாறரைக்கு 13 அடி, நல்ல பூல் டேபிள் (நீண்ட கோலால் பந்துகளை அடித்துக் குழியில் விழவைக்கும் ஆட்டத்துக்கான மேசை) எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். 8 அடி டேபிளின் ஆடுபரப்பு 88க்கு 44 அங்குலம், கோல் 58 அங்குலம். நான்கு பக்கமும் கோலின் நீளத்துக்கு இடம் விட்டால் அறை 17 அடிக்கு 13 அடி 4 அங்குலமாவது இருக்க வேண்டும். உங்களுக்கு 7 அடிதான், அதுவும் மட்டுமட்டாக. சுவரோரம் அடிக்க 48 அங்குலக் குட்டைக் கோல் ஒன்று வாங்கி வையுங்கள்.

அடுத்து, துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை காசு போட வேண்டிய இடம் இதுதான். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மலிவு, ஆனால் ஈரத்தில் உப்பும். நண்பர் வீட்டில் ஒரே மழைக்காலத்தில், மெதுவாக உருட்டிய பந்து வளைந்துபோய் மூலைக்குழியில் விழுந்தது. சிலேட்டுக்கல் அப்படி வளையாது. ஓர் அங்குலத் தடிமன் இருந்தால் நல்லது. பெரும்பாலும் மூன்று துண்டாக வரும். இணைப்புகளை மெழுகால் அடைத்து, ரசமட்டம் வைத்துச் சமன் செய்யத் தெரிந்தவரே பொருத்த வேண்டும். எடை 300 கிலோவை நெருங்கும், மாடி என்பதால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடையில் ஒரு பந்தை மிக மெல்ல உருட்டிப் பாருங்கள், கோடு பிசகக் கூடாது. ஓர ரப்பரில் ஓங்கி அடித்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி திரும்ப வேண்டும். துணி பற்றி அதிகம் கவலை வேண்டாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.