அடிக்கடி காயப்படும் ஷார்ட்ஸ்டாப்பை எடுக்கலாமா? கொரியாவை முன்வைத்துச் சில கேள்விகள்

கேள்வி: சார், நான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கார்லோஸ் கொரியாவை மூன்று அணிகள் மாறி மாறி விலை பேசியதாகச் சொல்கிறார்களே, என்ன கதை அது?

பதில்: கொரியா ஒரு ஷார்ட்ஸ்டாப். அதாவது, ஓடுபவர்கள் வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்று பந்தைத் தடுப்பவர். 2022 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவருக்கு 13 வருஷத்துக்கு 35 கோடி டாலர் தரச் சம்மதித்தது. மருத்துவப் பரிசோதனையில் வலது கணுக்கால் பற்றிக் கவலை எழுந்தது. அறிமுகக் கூட்டம் தள்ளிப்போனது. உடனே நியூயார்க் மெட்ஸ் 12 வருஷம், 31.5 கோடி என்று வந்தது. அவர்களுடைய டாக்டர்களும் அதே காலைப் பார்த்துத் தயங்கினார்கள். கடைசியில், முந்தைய வருஷம் அவர் ஆடிய மினசோட்டா ட்வின்ஸே ஜனவரியில் 6 வருஷம், 20 கோடிக்கு எடுத்துக்கொண்டது.

கேள்வி: அந்தக் கணுக்காலில் அப்படி என்ன பிரச்சினை?

பதில்: 2014இல், 19 வயதில், கீழ்நிலை லீகில் ஆடும்போது மூன்றாம் பேஸுக்குச் சறுக்கி வலது ஃபிபுலாவை, அதாவது கணுக்கால்வரை இறங்கும் வெளிப்பக்க எலும்பை, முறித்துக்கொண்டார். தகடு வைத்தார்கள். அதற்கப்புறம் பெரிய லீகில் அந்தக் கணுக்காலுக்காக ஒருமுறைகூட அவர் காயப் பட்டியலுக்குப் போகவில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் இரண்டாம் பேஸுக்குச் சறுக்கியபோது தகடு இருந்த இடத்தில் அடி விழுந்தது. கால் மரத்துப்போய் அதிர்ந்தது என்று அவரே சொன்னார். டாக்டர்கள் எடைபோட்டது கணுக்காலின் அன்றைய நிலையை அல்ல. 13 வருஷ ஒப்பந்தம் என்றால் 40 வயதிலும் அந்தக் கால் தாங்க வேண்டும்.

கேள்வி: எத்தனை ஆட்டம் தவறவிட்டார் என்று எண்ணிப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. அவர் 2017இல் 109 ஆட்டம், 2018இல் 110, 2019இல் வெறும் 75. எண்களை மட்டும் பார்த்தால் பயம்தான் வரும். ஆனால் 2017இல் கட்டை விரல் தசைநார், 2019இல் விலா எலும்பு. இவை ஆறினால் ஆறியதுதான். 2018இல் முதுகு, அது வேறு விஷயம். எது ஆறிப்போகும், எது திரும்பி வரும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஷார்ட்ஸ்டாப்பின் வேலையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பந்து வலப்பக்கம் ஆழமாகப் போகிறது. ஓடிப்போய்ப் புறங்கைப் பக்கமாகப் பிடித்து, வலது காலை ஊன்றி, ஓட்டத்தை நிறுத்தி, மைதானத்தின் குறுக்கே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். மொத்தப் பாரமும் ஒரு நொடி அந்தக் கணுக்காலில்தான். அது தளர்ந்தால் அவரை மூன்றாம் பேஸுக்கு மாற்ற வேண்டிவரும், ஷார்ட்ஸ்டாப்புக்காகக் கொடுத்த விலைக்கு அங்கே நியாயம் கிடைக்காது.

இதற்கு நேர்மாறான உதாரணம் கோரி சீகர் என்ற ஷார்ட்ஸ்டாப். 2018இல் அவருக்கு முழங்கை, இடுப்பு இரண்டிலும் அறுவைச் சிகிச்சை. 2021இல் பந்து பட்டுக் கை முறிந்தது. அப்படியும் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 10 வருஷத்துக்கு 32.5 கோடி கொடுத்தது. 2023இல் 119 ஆட்டம்தான் ஆடினார். அதிலேயே 33 ஹோம் ரன், அப்புறம் கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ரேஞ்சர்ஸின் முதல் கோப்பை அது.

கேள்வி: ட்வின்ஸ் செய்தது புத்திசாலித்தனமா?

பதில்: ஒப்பந்தத்தின் அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வருஷத்துக்குச் சராசரி 3.33 கோடி, ஜயன்ட்ஸ் சொன்ன 2.69 கோடியைவிட அதிகம். ஆனால் உறுதி 6 வருஷத்துக்கு மட்டும். அதற்குப் பிந்தைய நான்கு வருஷங்களும், முந்தைய வருஷம் போதுமான முறை பேட் பிடித்தால் தாமாகச் சேரும். அப்போது மொத்தம் 27 கோடி வரை போகலாம். இந்த லீகில் ஆடினாலும் படுத்தாலும் சம்பளம் முழுசாக உண்டு. அதனால் பயப்பட வேண்டியது தொகைக்கு அல்ல, வருஷங்களுக்கு. இன்னொரு ஷார்ட்ஸ்டாப்பான டிராய் துலோவிட்ஸ்கி குதிகால் சிகிச்சைகளால் 2018 முழுக்க ஆடவில்லை; இன்னும் 3.8 கோடி பாக்கி இருக்கும்போதே டொராண்டோ அவரை விடுவித்தது.

கேள்வி: இன்சூரன்ஸ் எடுக்கலாமே?

பதில்: எடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே அடிபட்ட இடத்துக்குப் பெரும்பாலும் கவர் கிடைக்காது.

கேள்வி: கடைசியில் கொரியா ஏமாற்றிவிட்டார் என்றுதானே சொல்ல வேண்டும்?

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. எல்லோரும் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், உள்ளங்கால் காலை வாரியது. 2023இல் இடது பாதம், 2024இல் வலது பாதம். 2024இல் 86 ஆட்டம்தான், ஆனால் பேட்டிங் சராசரி .310, அதாவது பத்துக்கு மூன்று முறைக்கு மேல் அடித்துப் பேஸ் பிடித்தார்.

அந்த 2023 அக்டோபரை மறக்க முடியாது. பாத வலியோடுதான் ஆடினார். டொராண்டோவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ், எதிரணிக்கு இரண்டு, மூன்றாம் பேஸ்களில் ஆள். கூட்டத்தின் இரைச்சலில் இரண்டாம் பேஸில் நிற்பவருக்குப் பயிற்சியாளர் குரல் கேட்காது என்று கொரியா கணித்தார். கொரியா அந்தப் பேஸுக்கு ஓட, ட்வின்ஸ் பந்துவீச்சாளர் சன்னி கிரே சட்டென்று திரும்பி எறிய, அங்கே இருந்த விளாடிமிர் கெரேரோ ஜூனியர் அவுட். 2004 முதல் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், தொடர்ந்து 18 ஆட்டம் தோற்றிருந்த ட்வின்ஸ் அந்தத் தொடரை வென்றது. 2025 ஜூலையில் சம்பளத்தில் சுமார் 3.3 கோடியைத் தானே ஏற்று அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பியதும் இதே அணிதான். அங்கே மூன்றாம் பேஸுக்கு மாறினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும், 6 வருஷத்துக்கு என்றால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். 13க்கு மாட்டேன்.

கேள்வி: ஒரு அணி இப்படி ஒருவரை எடுக்கும்முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இரண்டாவது ஷார்ட்ஸ்டாப் யார் என்று. சீசனில் 162 ஆட்டம். நட்சத்திரம் 115 ஆடுவார் என்று வைத்துக்கொண்டு, மீதி 47 ஆட்டத்துக்குத் தேறிய ஆள் ஒருவரை எடுக்கப் பணம் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால், அவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் இந்த வருஷம் விட்டுவிடுங்கள்.