எம்.டி. மாணவர்கள் ஆய்வை மேடையில் வாசிக்கும்போது கேள்வி நேரத்தை எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் எம்.டி. இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் வேறொரு மருத்துவக் கல்லூரியில் முதல் ஓரல், அதாவது ஆய்வை மேடையில் வாசிப்பது. 8 நிமிடம் பேச்சு, 2 நிமிடம் கேள்வி. ஸ்லைடெல்லாம் தயார், அந்த 2 நிமிடம்தான் வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான இடத்தில்தான் பயப்படுகிறீர்கள். நான் மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

நான் மைக்ரோபயாலஜி. தீசிஸ் ஸ்க்ரப் டைஃபஸ் பற்றியது, நம் ஊர்ச் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுமே, அது. மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட மாதங்களில் வார்டு நிறைய வரும். நேரத்துக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். இதைக் கண்டறிய உதவும் வெயில்-ஃபெலிக்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை முதல் உலகப் போர்க் காலத்து ஆசாமி, 1916-இல் டைஃபஸுக்காக வந்தது. மலிவு, எந்த மெஷினும் வேண்டாம். ஐ.ஜி.எம். என்ற ஆன்டிபாடியை (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) ரத்தத்தில் தேடும் இன்றைய எலைசா பரிசோதனையோடு ஒப்பிட்டால் சின்ன ஆஸ்பத்திரிகளில் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? என் தீசிஸ் இவ்வளவுதான்.

மேடையில் பேச்சு நன்றாகவே போனது. எலைசாவில் ஓ.டி. (மெஷின் காட்டும் நிற அடர்த்தி) 0.5-க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொண்டேன் என ஸ்லைடில் ஒரு வரி போட்டிருந்தேன். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு வயதான பேராசிரியர் மைக் கூட வாங்காமல் கேட்டார்: “ஏம்மா, அந்த 0.5 எங்கேருந்து வந்துச்சு?”

“முன்னாடி வந்த கட்டுரைகள்ல அப்படித்தான் சார் இருக்கு.”

“அவங்க யாரோட ரத்தத்தை வெச்சுக் கணக்குப் போட்டாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. கைடு, அதாவது தீசிஸுக்கு வழிகாட்டும் பேராசிரியர், முகத்தைப் பார்த்தேன், அவர் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டதில் வம்பு எதுவும் இல்லை. இந்தக் கிருமி ஏற்கெனவே புழங்கும் ஊரில், ஆரோக்கியமாகத் திரிபவர்களின் ரத்தத்திலேயே கொஞ்சம் ஆன்டிபாடி இருக்கும். ஐ.ஜி.எம். கூடப் பல மாதம் தங்கிவிடும். அதனால் அந்தந்தப் பகுதியின் ஆரோக்கியமானவர்களைச் சோதித்து, அதிலிருந்து கட்டாஃப், அதாவது எதற்கு மேல் பாசிட்டிவ் என்ற எல்லை, வகுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் போன வருடம் வந்துபோன காய்ச்சலையும் இந்த வருடக் கணக்கில் சேர்த்துவிடுவோம். என் தீசிஸே அந்த ஒற்றை எண்ணின் மேல்தான் நின்றது. நானோ அதைப் பத்து கட்டுரையில் பார்த்துப் பழகி, ஏதோ இயற்கை விதி போல எழுதியிருந்தேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஸ்லைடுகளை அச்செடுங்கள். ஒவ்வொரு எண்ணையும் வட்டமிட்டு, “இது எங்கிருந்து வந்தது?” என்று நீங்களே கேளுங்கள். சாம்பிள் சைஸ் (ஆய்வில் சேர்க்கும் ஆட்களின் எண்ணிக்கை) 96 என்றால், எந்த ஆய்வின் விகிதத்தை எடுத்து அந்தக் கணக்கைப் போட்டீர்கள்? (“புள்ளியியல் சார் சொன்னார்” என்பது பதில் ஆகாது. நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.) எத்தனை பேரை விலக்கினீர்கள், ஏன்? “40 பேரில் ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை” என்று எழுதியிருந்தால் பூஜ்யத்தைக் காட்டிப் பெருமைப்படாதீர்கள். பூஜ்யம் வந்தால் 3-ஐ ஆள் எண்ணிக்கையால் வகுப்பது புள்ளியியலில் ஒரு குறுக்குவழி; 3-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள். உண்மையில் 7.5 சதவீதம் வரை பக்கவிளைவு இருந்தும் உங்கள் 40 பேரிடம் தென்படாமல் போயிருக்கலாம். இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் கேட்க வந்தவர் உட்கார்ந்துவிடுவார்.

பி வேல்யூவைப் (முடிவு வெறும் தற்செயலா என்று எடைபோட உதவும் எண்) பற்றி அதிகம் கேட்க மாட்டார்கள். கேட்டால் கான்ஃபிடன்ஸ் இன்டர்வெலை (உண்மையான அளவு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வீச்சு) சொல்லுங்கள், போதும்.

பதில் தெரியாவிட்டால் “அதை நான் பார்க்கவில்லை, சார்” என்று சொல்லிவிடுங்கள். மழுப்பினால் இரண்டாம் கேள்வி வரும், அது முதல் கேள்வியை விட மோசமாக இருக்கும்.

படம் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இந்தக் காய்ச்சலில் எஸ்கார் என்ற கருப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்ட தழும்பு மாதிரி, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்த பெருமையில் போட்டோவை அப்படியே திரையில் போட்டுவிடத் தோன்றும். போட்டோவில் இருக்கும் நோயாளி அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினீர்களா, முகமும் தாலியும் தெரியாமல் வெட்டினீர்களா என்று பாருங்கள். மருந்து கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணையும் ஸ்லைடில் போடுங்கள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டிய எண் அது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. எங்கள் காலத்தில் போஸ்டர் ஒன்று, ஓரல் ஒன்று, பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை ஒன்று என மூன்றும் இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறையில் மூன்றில் ஒன்று போதும். ஆனால் போஸ்டரோ ஓரலோ உங்கள் துறையின் மாநில, மண்டல அல்லது தேசிய மாநாட்டில் இருக்க வேண்டும். அடுத்த மாத நிகழ்ச்சி அந்தக் கணக்கில் வருமா என்று இப்போதே ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

என் கதை அன்றோடு முடியவில்லை. திரும்பி வந்ததும் எதிக்ஸ் கமிட்டிக்குத் திருத்த மனு போட்டு, ரத்த தானம் செய்ய வந்தவர்களிடம் சம்மதம் வாங்கி, அவர்களின் சாம்பிளை எலைசாவில் ஓட்டினேன். கட்டாஃப் மேலே ஏறியது. என் பாசிட்டிவ்களில் சில நெகட்டிவ் ஆகிவிட, நான் மட்டம் தட்டி எழுதியிருந்த வெயில்-ஃபெலிக்ஸின் சென்சிடிவிட்டி (நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்பது) கொஞ்சம் கூடியது. கடைசி அத்தியாயத்தை மறுபடி எழுத மூன்று வாரம் ஆனது.