கல்லூரி கூடைப்பந்து கோச் வேலை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

தருமபுரியில் ஒரு கல்லூரி அணியைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். கேள்விகளை ஊர்ப் பெயரோடு போட்டிருக்கிறேன்.

பாலக்கோடு: சார், கோச் ஆக என்ன படிக்கணும்?

தம்பி, இதில் இரண்டு வழி இருக்கிறது. உடற்கல்வி இயக்குநர் பணிக்கு எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலை) முடித்து நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும். கூடைப்பந்துக்கு மட்டும் கோச் ஆக பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோ வேண்டும், 1961-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆனால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் கூடைப்பந்துக்கென்று தனி ஆள் வைப்பது அபூர்வம், கபடி, வாலிபால், ஸ்போர்ட்ஸ் டே எல்லாம் ஒருத்தர் தலையில்தான் விழும். அதனால் முதலில் எம்.பி.எட். முடி.

ஓசூர்: பொண்ணு ஆடணும்கிறா, படிப்பு கெட்டுடும்னு அவங்க அப்பா விட மாட்டேங்கிறார்.

அம்மா, அவருடைய பயம் நியாயமானதுதான், அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். நல்ல கோச் மேட்சுக்கு முன்னாலேயே ஓ.டி. கடிதத்தில் (மேட்சுக்குப் போன நாளுக்கு வருகைப்பதிவு தரும் ஆன்-டியூட்டி கடிதம்) துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார், இன்டர்னல் தேர்வு வாரத்தில் பயிற்சியைக் குறைப்பார், பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்களா என்று போன் போட்டுக் கேட்பார். என் நேரத்தில் பாதி இதற்குத்தான் போகிறது, இது வேலைக்கு வெளியே இல்லை, இதுதான் வேலை. அமெரிக்காவில் பேட் சம்மிட் 1974-இல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியை எடுத்தபோது வயது 22, வேனை அவரே ஓட்டினார், ஜெர்சியையும் அவரே துவைத்தார். 38 சீசனில் 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். அதைவிட எனக்குப் பெரிது, அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் டிகிரி வாங்கினார்கள். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், நம்ம அனிதா பால்துரை இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்றதையும் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை: மேட்ச் நடக்கும்போது கோச் என்ன செய்ய முடியும்?

ரொம்பக் கொஞ்சம். ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேச முதல் பாதியில் 2 டைம்-அவுட், இரண்டாம் பாதியில் 3, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். பையன்கள் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, நம்மைப் பார்க்கவே பாதி நேரம் போய்விடும், அதனால் ஒரு விஷயத்துக்கு மேல் சொன்னால் எதுவும் மண்டையில் ஏறாது. நான் பெரும்பாலும் பாக்ஸ் அவுட்டைத்தான் சொல்வேன், அதாவது எதிராளியைப் பந்துக்கு வரவிடாமல் உடம்பால் மறிப்பது. ஷாட் கையை விட்டதும் எல்லார் கண்ணும் பந்து மேலேயே போகும், அப்போது பந்தை விட்டுவிட்டு எதிராளியைத் தேடி, அவனை முதுகில் வாங்கி, முட்டியை மடக்கி உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். உயரம் குறைந்த நம் பையன்கள் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுப்பது இப்படித்தான். இதை மேட்சில் கற்றுத்தர முடியாது, தினமும் காலைப் பயிற்சியில் பழக்கியிருக்க வேண்டும்.

அரூர்: சிமென்ட் கோர்ட்டில் ஆடி காலெல்லாம் கொப்புளம், என்ன ஷூ வாங்கலாம்?

ஷூவுக்கு முன்னால் சாக்ஸைப் பாருங்கள். அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு 10 தேசியப் பட்டம் வாங்கித் தந்த கோச் ஜான் வுடன் (John Wooden), சீசனின் முதல் நாள் சாக்ஸ் போடத்தான் சொல்லிக்கொடுப்பார். விரல் பக்கமும் குதிகால் பக்கமும் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துவிட்டு, பிறகு லேஸை அடியிலிருந்து ஒவ்வொரு துளையாக இறுக்குங்கள். அதற்குப் பிறகும் கொப்புளம் வந்தால் சைஸ்தான் தப்பு, மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது கடைக்குப் போய் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.